துவாதசிப் பாரணைக்கு ஒரு மெஸ்: ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய வீட்டின் கூடத்தையே சாப்பாட்டு அறையாக்கி நடத்தப்படும் மெஸ் ஒன்று இருக்கிறது. மற்ற நாள்களில் அங்கே காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் கிடைக்கும். அவற்றில் குறிப்பிட்டுச் சொல்ல எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் அதற்கு ஈடான இடங்கள் இன்னும் சில உண்டு. ஏகாதசிக்கு மறுநாளான துவாதசியன்று மட்டும் அந்த வீட்டின் அடுப்பு விடிவதற்கு வெகு முன்பே எரியத் தொடங்கிவிடுகிறது. முதல் நாள் ஏகாதசி உபவாசம் இருந்தவர்களுக்காகப் பாரணைத் தளிகை, அதாவது விரதத்தை முடிக்கும் சமையல், செய்து, கூடத்தில் இலை போட்டும் பரிமாறுகிறார்கள், சுற்று வீதிகளில் உள்ள வீடுகளுக்கு அடுக்குப் பாத்திரத்திலும் அனுப்புகிறார்கள். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நடத்துபவர்கள் விளம்பரத்தையும் விரும்பவில்லை என்பதால் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. வீட்டில் பெரியவர்களின் கை தளர்ந்த பிறகு சில ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் துவாதசி பெரும்பாலும் இவர்களைத்தான் நம்பியிருக்கிறது என்பதால், இதைப் பற்றி விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

ஓர் உணவகத்தை மதிப்பிடும்போது ருசியை முதலில் பேசுவது வழக்கம். பாரணைச் சாப்பாடு கொடுப்பவரிடம் அந்த வரிசை செல்லாது. அவர் நேரத்தைக் காப்பாற்றுகிறாரா என்பதை முதலிலும், சமையலில் எதையெல்லாம் சேர்க்காமல் விடுகிறார் என்பதை அடுத்தும் பார்த்துவிட்டுத்தான் ருசிக்கு வர வேண்டும். இதற்குக் காரணம் விரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

வளர்பிறையிலும் தேய்பிறையிலும் பதினோராம் திதியாக வரும் ஏகாதசி ஆண்டுக்கு 24 முறையும், சந்திர மாதம் ஒன்று கூடுதலாக (அதிக மாதம்) வரும் ஆண்டில் 26 முறையும் வாய்க்கிறது. ஒரு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டால் விரதம் முடிந்தது என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் அது மூன்று நாள் நியமம். முந்தைய நாளான தசமியன்று ஒரு பொழுது மட்டும் உண்டு, ஏகாதசியன்று உணவை விட்டுப் பகவத் நினைவிலும் பாராயணத்திலும் பொழுதைக் கழித்து, இரவு கண்விழித்து, துவாதசியன்று காலை நீராடி, திருவாராதனம் என்னும் பெருமாள் பூஜை முடித்து, துளசி தீர்த்தம் பருகி, அந்தத் திதி கழிவதற்குள் உணவு கொள்ள வேண்டும். அன்று பகலில் உறங்கவும் கூடாது. துவாதசித் திதிக்குள் செய்யும் அந்த உணவுதான் பாரணை. அதைத் தவறவிட்டால் முதல் நாள் பட்டினிக்குப் பலன் இல்லை என்று பெரியவர்கள் சொல்வது வெறும் மிரட்டல் இல்லை. எட்டு வயதுக்கு மேல் எண்பது வயதுக்குள் இருப்பவர்கள் உபவாசம் இருக்க வேண்டும் என்று விதித்த அதே சாஸ்திரம், விரதத்தை முடிப்பதையும் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறது. சாப்பிடாமல் இருப்பதில் காட்டும் பிடிவாதத்தைச் சாப்பிடுவதிலும் காட்டச் சொல்லும் விரதம் இது.

பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் வரும் அம்பரீஷன் கதை முழுக்க முழுக்கப் பாரணை நேரத்தைப் பற்றியதுதான். ஓராண்டுக் காலம் துவாதசி விரதம் இருந்த அரசன் பாரணைக்குத் தயாராகும் நேரத்தில் துர்வாசர் அதிதியாக வருகிறார். உண்ண வருமாறு அழைத்தவனிடம் நீராடிவிட்டு வருவதாகச் சொல்லி யமுனைக்குப் போனவர் திரும்புவதாகத் தெரியவில்லை. துவாதசி முடியப் போகிறது. அதிதியை விட்டுவிட்டு உண்டால் ஒரு பாவம், துவாதசியைத் தவறவிட்டால் இன்னொரு பாவம். அந்தணர்களோடு கலந்து ஆலோசித்து அரசன் வெறும் தீர்த்தத்தை மட்டும் பருகுகிறான். நீர் அருந்துவது உண்டதாகவும் ஆகும், உண்ணாததாகவும் ஆகும் என்பது அவர்கள் கண்ட வழி. அதை அறிந்து வெகுண்ட துர்வாசர் தம் சடையிலிருந்து ஒரு பூதத்தை ஏவ, திருமாலின் சக்கரமான திருவாழி அதை எரித்துவிட்டு முனிவரையே துரத்துகிறது; ஓராண்டு அலைந்து அவர் திரும்பி வரும்வரை அரசன் அன்னம் தொடாமல் காத்திருக்கிறான். பக்தனின் பெருமையைச் சொல்வதற்காகவே இந்தக் கதையை உபன்யாசங்களில் எடுப்பார்கள். மெஸ் நடத்துபவருக்கு அது வேறொன்றையும் சொல்கிறது: துவாதசியன்று சாப்பாடு தாமதமாவது சின்ன விஷயம் இல்லை.

நேரக் கணக்கும் எளிதானது இல்லை. ஒரு திதியின் நீளம் ஏறக்குறைய இருபது மணியிலிருந்து இருபத்தேழு மணி வரை மாறக்கூடியது. சில துவாதசிகள் சூரியோதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட நிற்காது; அன்றைக்கு இருட்டோடு எழுந்து தளிகை செய்தால்தான் உண்டு. சில துவாதசிகளோ பின்னிரவில் தொடங்கும். துவாதசியின் முதல் கால் பாகமான ஹரிவாசரத்தில் பாரணை கூடாது என்பதால், அப்படிப்பட்ட நாளில் விடிந்த பிறகும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு வகையையும் இந்த மெஸ் கையாளும் விதம்தான் இதன் முதல் சிறப்பு. கூடத்துச் சுவரில் சிறிய கரும்பலகை ஒன்றில் அன்றைய துவாதசி முடியும் நேரத்தை நாழிகையிலும் மணியிலும் எழுதி வைக்கிறார்கள். துவாதசி குறைவாக இருக்கும் நாளில் ஐந்தேமுக்கால் மணிக்கே அடுக்குகள் கட்டப்பட்டுத் திண்ணையில் வரிசையாக நிற்கும். ஹரிவாசரம் நீளும் நாளில், எவ்வளவு பசியோடு யார் வந்து உட்கார்ந்தாலும், நேரம் ஆகும்வரை இலை போடுவதில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் ரயிலுக்கு நேரமாகிறது என்று வாதிட்டபோதும் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தார்களே தவிர, கூடத்தில் பரிமாறவில்லை. வியாபாரம் செய்யும் இடத்தில் இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது, பிடிக்காதவர்களும் இருப்பார்கள்.

முன்பதிவு செய்யத் தொலைபேசியில் கூப்பிட்டால், எத்தனை இலை என்று கேட்பதற்கு முன்பே அந்த வீட்டு மாமி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களாத்துல முந்தின ஏகாதசியா, பிந்தினதா மாமா?" முதல்முறை கேட்பவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். சூரியோதயத்தில் ஏகாதசி இருந்தால் போதும் என்பது ஐயர்கள் உள்ளிட்ட ஸ்மார்த்தர்களின் கணக்கு. சூரியோதயத்துக்கு நான்கு நாழிகை, அதாவது 96 நிமிடம், முன்பிருந்து தொடங்கும் அருணோதய வேளையில் தசமியின் சம்பந்தம் துளி இருந்தாலும் அந்த நாளைத் தள்ளிவிட்டு மறுநாள் உபவாசம் இருப்பது வைணவர்களின் வழக்கம். ஆகவே சில மாதங்களில் ஒரே வீதியில் அடுத்தடுத்த வீடுகளில் அடுத்தடுத்த நாள்களில் பாரணை நடக்கும். பழைய வாய்பாடுகளின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இன்றைய வானியல் கணக்கின்படி கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இடையே உள்ள நேர வேறுபாடு இதற்கு மேல் வருவது. இரண்டு நாளும் சமைக்க அவர்கள் தயாராக இருக்கிறார்கள் என்பதும், கேட்டுத் தெரிந்துகொண்டு செய்கிறார்கள் என்பதும் கைபேசிச் செயலிகளால் தர முடியாத வசதி. நான் பார்த்த செயலிகளில் பெரும்பாலானவை ஒரே தேதியை எல்லோருக்கும் காட்டிவிட்டுப் பாரணை நேரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். துவாதசித் தளிகையின் உயிர் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகிய மூன்றும்தான். புளி கிடையாது. வெங்காயம், பூண்டு, முருங்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு நாள் முழுக்கக் காய்ந்து கிடந்த வயிற்றில் புளியும் காரமும் இறங்கினால் என்ன ஆகும் என்பது உபவாசம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கசப்பும் துவர்ப்பும் முன்னால் வந்து வயிற்றை ஆற்ற வேண்டும் என்பதுதான் இந்தப் பட்டியலின் நோக்கம். நெல்லியில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவும் என்று இன்றைய ஊட்டச்சத்து நூல்கள் சொல்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதைச் சொல்லித்தான் துவாதசித் தளிகைக்கு மதிப்புத் தேட வேண்டும் என்பதில்லை.

அகத்திக்கீரைக் கறியமுது, அதாவது பொரியல், இங்கே நன்றாக இருக்கிறது, நான் வெளியில் சாப்பிட்ட எந்த இடத்தையும் விட நன்றாக இருக்கிறது. அகத்தியைச் சமைப்பதைவிட ஆய்வதுதான் வேலை. நீண்ட ஈர்க்கின் இருபுறமும் வரிசை வரிசையாக இருக்கும் சிற்றிலைகளை உருவியெடுத்து, ஈர்க்குத் துண்டு ஒன்றுகூட விழாமல் பார்த்து, மிகப் பொடியாக அரிய வேண்டும். அரிதல் பெரிதாக இருந்தால் கீரை எவ்வளவு வெந்தாலும் வாயில் நார்போலத் தங்கும். இவர்கள் தசமி மாலையிலேயே கட்டுகளை வாங்கி நீர் தெளித்துத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, அரிவதை மட்டும் துவாதசி விடியலில் செய்கிறார்கள். மூடி போடாமல் வேகவைப்பதால் நிறம் கறுப்பதில்லை. பயத்தம்பருப்பு மலர்ந்தும் குழையாமலும் தனித்தனியாக நிற்கிறது. தேங்காய் அளவோடு இருக்கிறது. கசப்பை மறைக்காமல் தணிக்கும் அளவுக்கு வெல்லம் சிட்டிகை சேர்க்கிறார்கள். சர்க்கரை போட்டுக் கீரையைத் தித்திப்பாக்கிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இங்கே அது இல்லாதது நல்லது. வெற்றிலைக் கொடி படர்வதற்காகக் கொடிக்கால்களில் நடப்படும் மரம்தான் அகத்தி. காவிரிக் கரையில் கொடிக்கால்கள் இருக்கும் பகுதி இது என்பதால் இளங்கீரை கிடைப்பதில் இந்த ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சித்த மருந்து சாப்பிடுபவர்கள் அகத்தியைத் தவிர்ப்பது வழக்கம். அதைச் சொன்னால் அவர்களுக்குக் கீரையில்லாமல் பரிமாறுகிறார்கள்.

நெல்லிக்காய்ப் பச்சடி பருவத்தைப் பொறுத்தது. மார்கழி, தை மாதங்களில் புதிய நெல்லிக்காயைக் கொட்டை நீக்கித் தேங்காய், பச்சை மிளகாயோடு அரைத்துக் கெட்டித் தயிரில் கலந்து கடுகு தாளித்துத் தருகிறார்கள். அந்தத் துவர்ப்பு நாக்கில் பட்டதும் முதல் நாள் பட்டினியின் வறட்சி அப்படியே நீங்குகிறது. கோடையில் உலர்ந்த நெல்லிமுள்ளியை ஊறவைத்து அரைக்கிறார்கள். அது நியமத்துக்குப் போதும், ருசிக்குப் போதாது. பச்சடி பழுப்பேறி, சற்றே காறலாகவும் இருக்கிறது. உப்பில் ஊறிய நெல்லிக்காயைப் பயன்படுத்தினால் இதைவிட மேலாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், மாற்றவில்லை.

சுண்டைக்காயில்தான் இவர்களின் கை இடறுகிறது. நெய்யில் பொரித்த வற்றலை ஓரத்தில் வைக்கிறார்கள்; கடையில் வாங்கிய வற்றல் என்பதால் மோரையும் உப்பையும் அவர்களால் கட்டுப்படுத்த முடிவதில்லை, பெரும்பாலும் உப்பு தூக்கலாகவே இருக்கிறது. பச்சைச் சுண்டைக்காயைத் தட்டிப் பொரித்த குழம்பில் போட்ட ஒரு துவாதசி எனக்கு நினைவிருக்கிறது, அன்றைய குழம்பு அபாரமாக இருந்தது. அதை வழக்கமாக்கலாம். மற்றபடி பூசணிக்காய் மோர்க்குழம்பும், எலுமிச்சை சாத்தமுதும் (ரசம்), பயத்தம்பருப்பும் குறை சொல்ல முடியாதவை. சாத்தமுதில் மிளகு சற்று முன்னே நிற்கிறது. காலை ஆறரை மணிச் சாப்பாட்டுக்கு அது ஏற்றதே. திருக்கண்ணமுது என்னும் பாயசம் ஒரு கரண்டிக்கு மேல் விழாது, கேட்டாலும் தயக்கத்தோடுதான் வரும்.

சாதத்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. முழு உபவாசம் இருந்தவர்களால் மறுநாள் காலை நிறைய உண்ண முடியாது. வயிறு சுருங்கியிருக்கும், இரண்டு பிடிக்கே நிறைந்துவிடும். இலையில் அவர்கள் முதலில் வைக்கும் சாதமோ சாதாரண மதியச் சாப்பாட்டின் அளவு. பாதியை வீணாக்கிவிட்டு எழுவது மனத்துக்கு உறுத்தலாக இருக்கிறது. கூடத்தில் உட்காருபவர்கள் முதலிலேயே குறைத்துப் போடச் சொல்லிவிடுவது நல்லது.

ஏகாதசியன்று மாலையில் இவர்கள் தரும் பலகாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோதுமை ரவை உப்புமாவும் ஏதேனும் ஒரு சுண்டலும். தானியத்தையும் பருப்பையும் அறவே விலக்கிக் கிழங்கு, ஜவ்வரிசி, பழம், பால் என்று இருப்பது வட இந்தியாவில் பரவலான வழக்கம். தண்ணீரும் இல்லாமல் இருக்கும், மத்வாச்சாரியாரைப் பின்பற்றும் மாத்வர்களின் உறுதி வேறு தரம். தமிழ்நாட்டு வீடுகளில் பலர் சோற்றை மட்டும் விட்டுவிட்டு உப்புமாவும் அடையும் உண்டு ஏகாதசியைக் கழித்துவிடுகிறார்கள் என்பது ஊரறிந்த கேலி. முடியாதவர்களுக்கு உள்ள சலுகையை நான் குறை சொல்லவில்லை. நோயாளிகளும், மாத்திரை தவறக்கூடாதவர்களும் மருத்துவர் சொல்வதைக் கேட்டு எதையாவது உண்ணத்தான் வேண்டும். சாஸ்திரமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் துவாதசியில் இவ்வளவு நியமம் பார்க்கும் இடம், ஏகாதசிக்குக் கொஞ்சம் பழமும், ஜவ்வரிசிக் கஞ்சியும், பாலும் என்று ஓர் ஏற்பாடு செய்தால் அதன் பெயருக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இனி, இவர்கள் தவறும் இடம். மார்கழியில் பகல் பத்து என்னும் பத்து நாள் உற்சவம் முடிந்து, மோகினி அலங்காரத்துக்கு மறுநாள் விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கும் வைகுண்ட ஏகாதசிக்கு இந்த ஊரில் சேரும் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீதிகளில் தடுப்புக் கட்டைகள், இரவு முழுவதும் நடமாட்டம், மறுநாள் துவாதசியன்று வழக்கத்தைப் போலப் பல மடங்கு பேர் பாரணைக்கு இடம் தேடுவது எல்லாம் ஆண்டுதோறும் நடப்பவை, எதிர்பார்க்கக்கூடியவை. ஆனாலும் ஓராண்டு இவர்கள் தங்கள் கைக்கு மீறி ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எங்கள் அடுக்கு வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. துவாதசி முடியச் சில நிமிடங்களே இருந்த நிலையில், அம்பரீஷன் செய்ததையே செய்து, பெருமாள் தீர்த்தத்தைப் பருகி விரதத்தை நிறைவு செய்துகொண்டோம். அதற்குப் பின் வந்த அடுக்கில் அகத்தியோடு சிறுகீரையைக் கலந்திருந்தார்கள். நிறத்திலும் குழைவிலும் அது உடனே தெரிந்துவிட்டது. நேரம் தவறியதைவிட, சொல்லாமல் கலந்ததுதான் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அகத்தி கிடைக்கவில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தால், ஒரு கைப்பிடிக் கீரைக்கு வீட்டிலேயே வழி செய்திருப்போம். அடுத்த ஆண்டிலிருந்து வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் அடுக்கின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, பழைய வாடிக்கையாளர்களுக்கே முன்னுரிமை தருகிறார்கள். பிறகு அந்தக் குறை வரவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீரங்கம் கோயிலின் உற்சவக் கணக்கு சில ஆண்டுகளில் மற்றத் தலங்களோடு ஒத்துப்போகாது. தை மாதப் புனர்பூசத்தில் நடக்கும் தேர் உற்சவத்துக்கு இடையூறு வராதபடி வைகுண்ட ஏகாதசியைக் கார்த்திகையிலேயே கொண்டாடும் ஆண்டுகள் உண்டு. 2021ஆம் ஆண்டில் இங்கே டிசம்பர் 14 அன்று பரமபத வாசல் திறந்தது. மற்றக் கோயில்கள் பெரும்பாலானவற்றில் 2022 ஜனவரி 13 அன்றுதான் வைகுண்ட ஏகாதசி. நாள்காட்டியைப் பார்த்து அறையும் ரயிலும் பதிவு செய்துவிட்டு வந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். மெஸ்ஸில் கூப்பிட்டுக் கேட்டாலே கோயில் கணக்கின்படி நாளைச் சொல்லிவிடுகிறார்கள்.

விலை, ஓர் இலைக்கு 200 ரூபாய். இருவருக்கான அடுக்கு 380 ரூபாய். அவர்களுடைய சாதாரண மதியச் சாப்பாட்டைவிட இது கூடுதல்தான். அகத்தி ஆய்வதற்கே இரண்டு ஆள் வேண்டும் என்பதையும், அந்த வேளையில் எழுந்து வேலை செய்ய ஆள் கிடைப்பதில் உள்ள சிரமத்தையும் நினைத்தால் அதிகம் என்று சொல்ல மாட்டேன். எவர்சில்வர் அடுக்கு அவர்களுடையது; அன்று மாலைக்குள் கழுவித் திருப்ப வேண்டும். அடுக்கைத் திருப்ப வசதியில்லாதவர்களுக்குக் கொதிக்கும் சாத்தமுதைப் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தருவதை மட்டும் அவர்கள் நிறுத்த வேண்டும். கூடத்தில் ஒரு பந்திக்குப் பன்னிரண்டு பேர் உட்காரலாம், தரையில்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஓரமாக இரண்டு மேசைகள் போட்டிருக்கிறார்கள்.

பதிவைத் தசமியன்று மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், ஏகாதசியன்று கூப்பிட்டால் எடுப்பதில்லை. அன்று அந்த வீட்டிலும் உபவாசம்.